சூடோயர்ஸ் கோப்பு உடைந்தால்: திரும்ப உள்ளே போகும் வழியும் அந்த வழியின் ஆபத்தும்

லினக்ஸ் கணினியில் ஒரே ஒரு கோப்பைத் தப்பாகத் திருத்திவிட்டால், அந்தக் கணினியின் சொந்தக்காரரே அதில் விருந்தாளி ஆகிவிடுவார். இடிசி அடைவுக்குள் இருக்கும் சூடோயர்ஸ் கோப்புதான் அது. நிர்வாகி வேலையை யார் யார் செய்யலாம் என்கிற பட்டியல் அதில்தான் இருக்கிறது. அதில் ஒரு எழுத்து தவறினால் சூடோ வேலை செய்யாது. கோப்பைச் சரிசெய்ய சூடோ வேண்டும். சூடோ எழுந்திருக்க கோப்பு சரியாக இருக்க வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டின கதை.

இந்த நிலையில் பலரும் செய்வது கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது. கடையில் சொல்வது ஒரே பதில்: "ஃபார்மேட் பண்ணிடலாம்." எங்கள் பனமலை, செஞ்சி பக்கம் நிறைய வீடுகளில் இருக்கும் ஒரே கணினி, பள்ளியில் கொடுத்த இலவச மடிக்கணினிதான். 2011 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியபோது வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கிய அந்த இயங்குதளம் டெபியன் வழி வந்தது. பிற்பாடு பிள்ளைகள் அதை எடுத்துவிட்டு உபுண்டு போட்டுக்கொண்டார்கள். அதில் அக்காவின் கல்லூரி ப்ராஜெக்ட், தம்பியின் டி.என்.பி.எஸ்.சி. குறிப்புகள், வீட்டுப் புகைப்படங்கள் எல்லாம் இருக்கும். ஃபார்மேட் என்றால் அத்தனையும் போச்சு.

அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அனுமதி போனால் தரவு போனதாக அர்த்தம் இல்லை. கோப்புகள் எல்லாம் வட்டில் பத்திரமாக இருக்கின்றன. ஃபார்மேட்டுக்கு அவசியமே கிடையாது.

சூடோ ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது?

சூடோ 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோவில் இருக்கும் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. எழுதியவர்கள் பாப் காகஷால், கிளிஃப் ஸ்பென்சர். ரூட் கடவுச்சொல்லை எல்லோருக்கும் கொடுக்காமல், குறிப்பிட்ட ஆட்களுக்குக் குறிப்பிட்ட வேலையை மட்டும் அனுமதிப்பதுதான் யோசனை. சூடோயர்ஸில் ஒவ்வொரு வரியும் நாலு விஷயம் சொல்கிறது: யார், எந்தக் கணினியில், யார் பெயரில், எந்தக் கட்டளை.

செஞ்சிக் கோட்டையை வைத்துப் பார்த்தால் இது சுலபமாகப் புரியும். ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் ஒரு பாறைப் பிளவு குறுக்கே வரும். அந்தக் காலத்தில் அதைக் கடக்க ஒரு மரப்பாலம். ஆபத்து வந்தால் பாலத்தை எடுத்துவிடுவார்கள். பாலம் இல்லை என்றால் பகைவனும் வர முடியாது, கோட்டைக்காரனும் வர முடியாது. சூடோவும் அப்படித்தான். பட்டியல் குழம்பியிருந்தால் "யாராக இருந்தாலும் உள்ளே விடாதே" என்பதுதான் அதன் முடிவு. சந்தேகம் வந்தால் திறந்துவிடும் காவலாளியை யாராவது வேலைக்கு வைப்பார்களா?

எங்கே உடைகிறது?

நான் பார்த்தவரை நாலு வகை.

ஒன்று, எழுத்துப்பிழை. ஊரில் ஒரு தம்பி, ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் கேட்கிறதே என்று ஒரு வீடியோவைப் பார்த்து சூடோயர்ஸில் ஒரு வரி சேர்த்தார். நேனோவில் திறந்து எழுதியதில் சமக்குறி விட்டுப்போய்விட்டது. அவ்வளவுதான், பழைய உபுண்டு 20.04இல் சூடோ மொத்தமாக நின்றுபோனது. சூடோ 1.9.3க்குப் பிறகு கொஞ்சம் பரவாயில்லை, பிழையான வரியை மட்டும் தள்ளிவிட்டு மற்றதைப் படிக்கும். ஆனால் பிழை இருப்பது உங்களுக்கு அனுமதி தரும் வரியிலேயே என்றால் பலன் ஒன்றுதான்.

இரண்டு, கோப்பின் அனுமதி எண். இந்தக் கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாக, 0440 என்று இருக்க வேண்டும். "பெர்மிஷன் பிரச்சினையா, 777 கொடு" என்று யாராவது சொன்னதைக் கேட்டு மாற்றினால், யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய பட்டியலை நம்ப மாட்டேன் என்று சூடோ மறுத்துவிடும்.

மூன்று, குழுவிலிருந்து விழுந்துவிடுவது. யூசர்மாட் கட்டளையில் -ஜி என்ற பெரிய எழுத்தை மட்டும் போட்டு, கூட -ஏ போடாமல் விட்டால், புதுக் குழுவில் சேர்வீர்கள், சூடோ குழு உட்பட மற்ற கூடுதல் குழுக்களிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள்.

நான்கு, சூடோ நிரலே கெடுவது. யூஎஸ்ஆர் அடைவு முழுக்க அனுமதியை மாற்றினால் செட்-யூஐடி குறி அழிந்துபோகும். சூடோ நிரலுக்கு 4755 இருக்க வேண்டும்.

திரும்ப உள்ளே போகும் வழிகள்

எளிதானதிலிருந்து தொடங்குகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துதான்.

1. ரூட்டாகத் திறந்திருக்கும் முனையம் ஏதாவது இருக்கா பாருங்க. இருந்தால் அதை மூடாதீங்க, கணினியை ரீஸ்டார்ட் பண்ணாதீங்க. அதிலேயே ‘விசூடோ’ போட்டுச் சரிசெய்யலாம்.

2. ‘பிகேஎக்ஸெக் விசூடோ’. இது போல்கிட் என்கிற வேறொரு அமைப்பின் வாசல். சூடோயர்ஸைப் படிக்கவே படிக்காது. டெஸ்க்டாப்பில் ஜன்னல் ஒன்று வந்து உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும். முதல் இரண்டு வகைக்கு இதுவே போதும். மூன்றாவது வகைக்கு உதவாது, ஏனென்றால் போல்கிட்டும் நீங்கள் சூடோ குழுவில் இருக்கிறீர்களா என்றுதான் பார்க்கும். டெபியன் 12இலிருந்து பிகேஎக்ஸெக் தனிப் பொதி; உங்களிடம் இல்லாமலும் இருக்கலாம்.

3. ‘சு’ கட்டளை. டெபியன் நிறுவும்போது ரூட் கடவுச்சொல் வைத்திருந்தால் நேரே உள்ளே போகலாம். உபுண்டுவில் ரூட் கணக்கு பூட்டியே வரும்.

4. ரெக்கவரி மோட். கணினி எழும்போது ஷிஃப்டைப் பிடித்திருந்தால், புதிய யூஇஎஃப்ஐ கணினியில் எஸ்கேப் தட்டினால், க்ரப் பட்டியல் வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே ரெக்கவரி மோட், அதில் ரூட் ஷெல். வட்டு படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கலாம். ‘மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /’ கொடுத்தால் எழுத வரும். பிறகு எழுத்துப்பிழைக்கு விசூடோ. அனுமதி எண்ணுக்கு ‘சிஎச்மாட் 0440’ என்று போட்டுக் கோப்பின் பாதை. குழுவுக்கு ‘ஆட்யூசர்’, உங்கள் பயனர் பெயர், ‘சூடோ’.

5. ரெக்கவரி மோடும் ரூட் கடவுச்சொல் கேட்டு நின்றால் (டெபியனில் அப்படி நடக்கும்), க்ரப் பட்டியலில் ‘இ’ தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் ‘ஆர்ஓ’ என்பதை ‘ஆர்டபிள்யூ’ ஆக்கி, கடைசியில் ‘இனிட்=/பின்/பாஷ்’ சேர்த்து எஃப்10 தட்டுங்க. வழக்கமான எந்தச் சேவையும் தொடங்காமல் நேரே ரூட் ஷெல் வரும். வேலை முடிந்ததும் ‘சிங்க்’, அப்புறம் ‘ரீபூட் -எஃப்’.

6. இதுவும் முடியாவிட்டால் லைவ் யூஎஸ்பி. அதிலிருந்து கணினியை எழுப்பி, உள்வட்டை மவுண்ட் பண்ணி, அங்கிருக்கும் சூடோயர்ஸைத் திருத்தலாம். வாடகை மேகக் கணினி என்றால் வட்டைக் கழற்றி வேறொரு மெய்நிகர் கணினியில் மாட்டி இதையே செய்யலாம்.

நான்காவது வகையில் மொத்த அமைப்பின் அனுமதியும் குலைந்திருந்தால், ஒவ்வொன்றாகத் திருத்துவது வீண் வேலை. லைவ் யூஎஸ்பியில் எழுப்பி, ஹோம் அடைவை வெளி வட்டுக்கு நகலெடுத்துவிட்டு, புதிதாக நிறுவுவது நல்லது. அப்போதும் குறிப்புகளும் படங்களும் தப்பிவிடும்.

சரி, இது எனக்கு மட்டும் வழியா?

மேலே சொன்ன நாலு, ஐந்து, ஆறு ஆகிய மூன்று வழிகளிலும் உங்கள் கடவுச்சொல்லை யாரும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? கணினியைக் கையில் வைத்திருக்கிற யாராக இருந்தாலும் பத்து நிமிஷத்தில் ரூட் ஆகலாம். விடுதி அறையில் எடுத்துக்கொண்டு போனவர், பழுதுபார்க்கக் கொடுத்த இடம், பேருந்தில் தொலைத்ததைக் கண்டெடுத்தவர், எல்லோருக்கும் இதே பாதைதான்.

சூடோயர்ஸ் காவல் காப்பது ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்துக்குள் மட்டும். அந்த இயங்குதளத்தையே எழுப்பாமல் வட்டை நேரே திறந்தால், கோப்பில் எழுதியிருக்கும் விதிகளைக் கேட்க அங்கே ஆள் இல்லை. இயங்குதளத்துக்குள்ளேயும் இந்தக் காவல் முழுமையானதில்லை. 2021 ஜனவரியில் க்வாலிஸ் நிறுவனம் சூடோவில் ஓர் ஓட்டையை வெளியிட்டது. 2011இலிருந்து அது உள்ளேயே இருந்திருக்கிறது, சாதாரணப் பயனர் அதன் வழியாக ரூட் ஆகலாம். அடுத்த ஆண்டு ஜனவரியில் பிகேஎக்ஸெக்கிலும் அதே மாதிரி ஒன்று வெளிவந்தது, அது 2009இலிருந்து இருந்தது. இரண்டையும் சரிசெய்தாயிற்று. உங்கள் கணினியை அதன் பிறகு ஒருமுறையாவது அப்டேட் செய்திருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி.

வட்டைத் திறக்கவிடாமல் செய்வது முழு வட்டு மறையாக்கம்தான். நிறுவும்போதே லக்ஸ் முறையைத் தேர்ந்தெடுத்தால், ரெக்கவரி மோடாக இருந்தாலும் லைவ் யூஎஸ்பியாக இருந்தாலும் முதலில் அந்தக் கடவுச்சொடரைக் கேட்கும். தெரிந்தால் மேலே சொன்ன எல்லா வழியும் உங்களுக்குத் திறந்திருக்கும், திருடனுக்கு மூடியிருக்கும். ஆனால் அதை மறந்தால் தரவைத் திருப்பித் தர யாராலும் முடியாது. சூடோயர்ஸ் போனால் ஒரு மாலை வேலை. லக்ஸ் கடவுச்சொடர் போனால் எல்லாமே போச்சு. அதனால் அதை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். கூடவே முக்கியமான கோப்புகளுக்கு வெளியே ஒரு நகல்.

உடையாமல் பார்த்துக்கொள்ள

- சூடோயர்ஸை எப்போதும் விசூடோ வழியாகவே திறங்க. சேமிக்கும் முன் இலக்கணம் பார்க்கும். பிழை இருந்தால் என்ன செய்யலாம் என்று கேட்கும். ‘இ’ தட்டினால் திரும்பத் திருத்தலாம், ‘எக்ஸ்’ தட்டினால் பழைய கோப்பு அப்படியே இருக்கும்.
- மூலக் கோப்பைத் தொடாமல், சூடோயர்ஸ்.டி அடைவில் ‘விசூடோ -எஃப்’ கொண்டு தனிக் கோப்பு எழுதுங்க. பெயரில் புள்ளி வைக்காதீங்க, வைத்தால் சூடோ அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாது.
- கடவுச்சொல் கேட்காத அனுமதி தேவையென்றால் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் கொடுங்க.
- திருத்தும்போது பக்கத்தில் இன்னொரு முனையத்தில் ரூட்டாக இருங்க. மூன்றாவது முனையத்தில் சூடோ வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகுதான் அதை மூடணும்.
- ஒரு லைவ் யூஎஸ்பி தயாராக வைத்திருங்க. கணினி நன்றாக இருக்கும்போதே ஒருமுறை அதிலிருந்து எழுப்பிப் பாருங்க. தேவைப்படும் நாளில் அதைச் செய்ய இரண்டாவது கணினி வீட்டில் இருக்காது.