அலட்டலும் அலட்டிக்கொள்ளாமையும்

உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி சிறுகதையொன்றுக்கு எழுதிய நயக்குறிப்பிலே, ‘ஆசிரியரின் அலட்டலில்லாத நடை’ என்றொரு தொடரைப் பாவித்திருந்தாள். அதைப் பார்த்த சக ஆசிரியர் ஒருவர், “இது பேச்சு வழக்கல்லவா, கட்டுரையிலே வரலாமோ?” என்றார். அருகிலிருந்த இன்னொருவரின் ஐயம் வேறு. “நடை சுருக்கமானது என்கிறாளா, பகட்டில்லாதது என்கிறாளா?” என்று அவர் கேட்டார். முதலாவது கேள்விக்கு விடை எளிது. பேச்சிலிருந்து எழுத்துக்கு வந்த சொற்கள் பல உண்டு. இரண்டாவது கேள்விதான் நேயர்களோடு சற்று விரிவாகப் பேசவேண்டியது.

எங்கள் ஊர்களில் ‘அலட்டுதல்’ என்றால் வாய் ஓயாமற் கதைத்தல், பயனின்றிக் கதைத்தல். “சும்மா அலட்டாதை” என்று தாய் பிள்ளையை அதட்டுவாள். “அந்த மனிசன் பிடிச்சால் விடாது, ஒரே அலட்டல்” என்று சந்தையிலிருந்து பிந்தி வந்தவர் காரணம் சொல்லுவார். வள்ளுவரின் அதிகார வைப்பிலே இதற்கு இடம் தேடினால் ‘பயனில சொல்லாமை’யில் அது தானே போய் அமர்ந்துகொள்ளும்.

பாக்குநீரிணையைக் கடந்தால் கதை மாறுகிறது. தமிழகத்தில் ‘ரொம்ப அலட்டிக்கிறான்’ என்றால், அவன் அதிகம் பேசுகிறான் என்று பொருளல்ல. சிறிய காரியத்தைப் பெரிதாக்குகிறான், தன்னை ஒரு பெரிய ஆளாகக் காட்டிக்கொள்கிறான், வேண்டாத ஆரவாரம் பண்ணுகிறான் என்பதே பொருள். வாயே திறவாமலும் ஒருவர் அங்கே அலட்டலாம். விருந்துக்குப் போன இடத்தில் கதிரையைத் துடைப்பித்து, தண்ணீரை மாற்றுவித்து, மின்விசிறியைத் தம் பக்கம் திருப்புவித்தாற் போதும். அத்தகையவரைக் குறிக்க எங்களிடம் வேறு சொற்கள் உண்டு. ‘எடுப்பு’ என்போம், ‘நடப்புக் காட்டுறார்’ என்போம். இளைஞர்கள் ‘லெவல் அடிக்கிறார்’ என்பார்கள். சாப்பாட்டிலே உப்புக் கூட, புளி குறைய என்று குற்றம் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு ‘நொட்டை சொல்லுறவர்’ என்ற பட்டம் தனியாக இருக்கிறது. எடுப்பும் நொட்டையும் ஒன்றல்ல என்பது எங்களூர்க் கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை பகுதியாருக்குச் சோறு பரிமாறியவர்களுக்கு நன்கு தெரியும்.

ஆகவே தமிழகத்துத் திரைப்பட விமர்சகர் ‘அலட்டலில்லாத நடிப்பு’ என்று எழுதும்போது மிகையற்ற, அடக்கமான நடிப்பைப் புகழ்கிறார். ஈழத்து வாசகர் அதையே ‘வசனம் குறைந்த நடிப்பு’ என்று கொள்ள இடமுண்டு. மணிக்கணக்காகப் பேசும் ஒரு நல்ல பேச்சாளரை அவர்கள் அலட்டலில்லாதவர் என்று புகழலாம். எங்கள் காதுக்கு அது முரணாகவே படும். எங்கள் மாணவி இரண்டு கரைச் சஞ்சிகைகளையும் படிப்பவள். அவள் கருதியது தமிழகப் பொருளை. ‘பகட்டில்லாத நடை’ என்று எழுதியிருந்தால் ஐயத்துக்கு இடமிராது என்பது என் கருத்து. நயக்குறிப்பு எழுதுகிற மாணவர்கள் இதைக் கவனித்தல் நன்று.

இவ்விரு பொருள்களும் எங்கே சந்திக்கின்றன? மலையாளம் எங்களுக்கு உதவுகிறது. அம்மொழியில் ‘அலட்டுக’ என்பது வருத்துதல், தொல்லைப்படுத்துதல் என்னும் பொருளில் இன்றும் நாள்தோறும் வழங்குகிறது. ஒரு கவலை ஒருவரை ‘அலட்டுகிறது’ என்று அங்கே சொல்வார்கள். இப்பொருளை நடுவிலே வைத்துப் பார்த்தால் மற்றவை தெளிவாகின்றன. ஓயாத பேச்சினாற் பிறரை வருத்துவது எங்கள் அலட்டல். ஆரவாரத்தினால் வருத்துவது அவர்களின் அலட்டல். ‘கொள்’ என்னும் துணைவினை சேர்ந்ததும் செயல் செய்பவரிடமே திரும்பிவிடுகிறது. ‘அலட்டிக்கொள்ளுதல்’ தன்னைத் தானே வருத்திக்கொள்ளுதல்.

‘கண்டனங்களை அமைச்சர் அலட்டிக்கொள்ளவில்லை’ என்று எங்கள் பத்திரிகைகளும் எழுதுகின்றன. அங்கே பிதற்றலும் இல்லை, பகட்டும் இல்லை. மனத்தை வருத்திக்கொள்ளவில்லை என்பதே செய்தி. பேச்சிலே ‘அலட்டு’க்கு ஒரு பொருளும், எழுத்திலே ‘அலட்டிக்கொள்’ளுக்கு வேறொரு பொருளுமாக வைத்துக்கொண்டு நாம் தடுமாறாமல் நடமாடுவது வியப்புத்தான். வள்ளுவரிடம் இதற்கு அண்மையான இடம் ‘இடுக்கண் அழியாமை’. ஆனால் அமைச்சரின் அலட்டிக்கொள்ளாமையை வள்ளுவர் அங்கே சேர்த்துக்கொள்வாரோ என்பது ஐயம்!

இன்னொன்றும் உண்டு. இச்சொல் யார் வாயிலிருந்து யாரை நோக்கிப் போகிறது? தாய் பிள்ளைக்கும், கணவன் மனைவிக்கும், இளையவர் வயோதிபருக்கும், மேசைக்கு உள்ளே இருப்பவர் வெளியே நிற்பவருக்கும் சொல்வதையே பெரிதும் கேட்கிறோம். அதிபரைப் பார்த்து “அலட்டாதேங்கோ” என்று சொன்ன ஆசிரியரை நான் கண்டதில்லை. அவர் போன பிறகு “மனிசன் நல்லா அலட்டும்” என்று சொன்னவர்கள் பலர். ‘அலட்டல்’ என்று சொல்லிவிட்டால் கேட்கவேண்டிய கடமை தீர்ந்துவிடுகிறது என்பதால், அதிகாரமுடையோருக்கு இது வசதியான சொல்.

அலுவலகம் ஒன்றிலே நான் கண்டது. காணி உறுதி தொலைந்துபோன ஒரு முதிய அம்மா, பிரதி பெறுவதற்காக வந்திருந்தார். எப்போது, எங்கே தொலைந்தது என்று கேட்டார்கள். அவர் 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு இரவோடிரவாக வெளிக்கிட்டதிலிருந்து தொடங்கினார். தென்மராட்சியில் எந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், ட்ரங்குப் பெட்டியை யாரிடம் ஒப்படைத்தார்கள், மழையில் அது எப்படி நனைந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். “அம்மா, அலட்டாமல் விசயத்துக்கு வாங்கோ” என்று உத்தியோகத்தர் இடைமறித்தார். கோபமாகவும் சொல்லவில்லை, வரிசை நீண்டிருந்தது. ஆனால் கேட்ட கேள்விக்கு விடை அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. அவர் மௌனமாகிப் படிவத்தில் ‘இடப்பெயர்வில் தொலைந்தது’ என்று ஒரு வரி எழுதுவித்துக் கையொப்பமிட்டார். பெட்டியை வாங்கி வைத்தவரின் பெயர் அதிலே வரவில்லை.