கையெழுத்து இல்லாத கண்ணாடிகள்

நம் கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி மாட்டியிருப்போம். ரசம் போனால் கழற்றிவிட்டு வேறு வாங்குவோம். பிரான்சு நாட்டிலோ 1950-களில் விற்ற சுவர்க் கண்ணாடிகளை இன்று தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். கண்ணாடிக்காக அல்ல, அதைச் சுற்றியுள்ள சுட்ட மண் சட்டத்துக்காக. இந்த வணிகத்தில் நம் உறுப்பினர்களுக்கும் உதவும் பாடம் ஒன்று உண்டு என்பதால் இங்கே விளக்குகிறோம்.

பானை செய்த ஊர்

தென் பிரான்சில் கடற்கரையை அடுத்து வல்லோரிஸ் என்னும் ஊர் உள்ளது. தலைமுறை தலைமுறையாகச் சமையல் பானைகள் செய்த ஊர். உலோகப் பாத்திரங்கள் வந்ததும் மண்பானைக்குக் கிராக்கி குறைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. 1946-இல் ரோஜே கப்ரோன் அங்கே பட்டறை தொடங்கினார். அதே ஆண்டு வந்து பார்த்த ஓவியர் பிக்காசோ, பின்னர் அவ்வூரிலேயே தங்கி மண்பாண்டங்கள் செய்தார். ஊர் பெயர் பெற்றது. சாடி, தட்டு, விளக்கு, கண்ணாடிச் சட்டம் என்று சரக்கும் மாறியது. பிரான்சுவா லெம்போவின் கண்ணாடிகள் அவ்வூர்ச் சரக்கே.

லூனெல் என்ற ஊரில் மித்தே எஸ்பெல்ட் (1923–2020) என்ற பெண்மணி செய்த கண்ணாடிகளுக்கு இன்று தனி மதிப்பு. பொன் பூச்சில் மெல்லிய வெடிப்புகள் ஓடுவது அவர் வேலையின் அடையாளம். ஆனால் அவர் தம் சரக்கில் கையெழுத்து இடவில்லை. பெயர் இல்லாத சரக்குக்கு யார் வேண்டுமானாலும் அவர் பெயரைச் சொல்லலாம் அல்லவா? சிக்கல் இங்கேதான்.

எதைப் பார்க்க வேண்டும்?

அனுபவசாலிகள் முதலில் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். கொக்கி, ஆணி, ஒட்டிய துணி ஆகியவை சட்டத்தின் வயதுக்கு ஒத்திருக்க வேண்டும். விளிம்பில் கரும்புள்ளி விழுந்த பழைய கண்ணாடி குறையல்ல. புதுக் கண்ணாடி பொருத்தியிருந்தால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். உடைந்து ஒட்டிய இடம், மேலே தீட்டிய வண்ணம் ஆகியவை விலையைக் குறைக்கும். ஒருவர் செய்தது என்று ஐயமின்றித் தெரிந்த பொருளுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்ல வழி.

ரசீதில் ஒரு சொல்

பிரான்சில் 1981-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் பிறந்த அரசாணை ஒன்று, கலைப்பொருள் ரசீதில் எழுதும் சொற்களுக்குப் பொருள் வகுத்துள்ளது. "இன்னார் செய்தது" என்று எழுதினால் விற்பவர் முழு உறுதி அளித்ததாகும். "இன்னாருடையதாகக் கருதப்படுவது" என்றால், பொருள் அவர் காலத்தது, அவரே செய்திருக்க வலுவான காரணம் உண்டு என்று பொருள். "இன்னார் பாணி" என்றால் செய்தவர் யார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. வாங்குபவர் கேட்டால் பொருளின் தன்மை, மூலப்பொருள், பிறப்பிடம், காலம் ஆகியவற்றை ரசீதில் குறித்துக் கொடுக்கவும் வேண்டும்.

வாயால் பெயரைச் சொல்லிவிட்டு, ரசீதில் "பாணி" என்று எழுதிக் கொடுத்தால் இழப்பு யாருக்கு? வாங்கியவருக்கு முதல் போகும். விற்றவருக்கு வாடிக்கை போகும்.

பருப்பானாலும் பழங்கண்ணாடியானாலும் நியாயம் ஒன்றே. தெரிந்ததை எழுதுவோம், தெரியாததைத் தெரியாது என்போம். வாங்கும்போது வாய்ச்சொல்லை விட்டு ரசீதைப் படிப்போம்.