இரண்டாம் ஊசி ஏன் தவறுகிறது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

நோயை வருமுன் காப்பதே சிறந்தது என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடப்படும் தடுப்பூசிகளைச் சில குழந்தைகள் ஏன் முழுமையாகப் பெறுவதில்லை? இதற்கான விடையை நான் என் வீட்டிலேயே கண்டேன்.

என் அக்காள் குழந்தைக்கு ஒன்றரை மாதத்தில், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி போட்டார்கள். அன்றிரவு காய்ச்சல், விடிய விடிய அழுகை. இரண்டரை மாதத்தில் போட வேண்டிய அடுத்த தவணைக்கு அக்காள் போகவில்லை. "நல்லா இருக்கிற பிள்ளைக்கு ஊசி போட்டுக் காய்ச்சலை வாங்கணுமா?" என்றார் அம்மா. அன்று களையெடுப்பு வேலையும் இருந்தது. ஊசிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். நோய் எதிர்ப்பாற்றலைப் பற்றித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதியவன், வீட்டில் வாய் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, கிராம சுகாதாரச் செவிலியர் மாலையில் வீடு தேடி வந்தார். அவர் கடிந்துகொள்ளவில்லை. "போன தடவை காய்ச்சல் வந்துச்சாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு விளக்கினார். தடுப்பூசி நோய்க்கிருமியை உடலுக்கு அடையாளம் காட்டுகிறது. அப்போது இலேசான காய்ச்சல் வரலாம், ஓரிரு நாளில் தணிந்துவிடும். ஒரே தவணையில் கிடைக்கும் பாதுகாப்பு போதாது; அடுத்த தவணைகளே அதை வலுப்படுத்தும். தவணை தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அடுத்த புதன்கிழமை அக்காள் தானாகவே சென்றாள்.

நம் நாட்டில் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் 1985-இல் தொடங்கியது. 2014-இல் இந்தியா போலியோ அற்ற நாடெனச் சான்று பெற்றது. வீடு வீடாகச் சென்று சொட்டு மருந்து கொடுத்தது அவ்வெற்றிக்கு ஒரு முக்கியக் காரணம். தட்டம்மையோ மிக விரைவாகப் பரவுவது. அதைத் தடுத்து நிறுத்த, நூற்றுக்கு 95 குழந்தைகளாவது இரு தவணைகளையும் பெற்றிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை எளியவையே. என்ன ஊசி, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, அடுத்து எப்போது வருவது, அட்டையை ஏன் பத்திரப்படுத்துவது என்னும் நான்கையும் தாயிடம் அப்போதே சொல்ல வேண்டும். முதல் நாள் நினைவூட்ட வேண்டும். கூலிக்குச் செல்வோருக்காக மாலையிலும் ஊசி போடலாம்.

நண்பர்களே! விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, அண்டை வீட்டுக் குழந்தையின் தடுப்பூசி அட்டையை வாங்கிப் படித்து, அடுத்த தவணை எப்போது என்று சொல்லுங்கள். நான் இப்போது அதைத்தான் செய்து வருகிறேன்.