தன் எழுத்தை மட்டும் படிக்கும் டிரைவ்

1982-இல் வெளிவந்த கமடோர் 64 என்ற வீட்டுக் கணினிக்குத் துணையாக அமைந்த 1541 ஃபிளாப்பி டிரைவ், ஐந்தேகால் அங்குல வட்டின் ஒரு பக்கத்தில், தடங்கள் எனப்படும் 35 காந்த வளையங்களில் ஏறத்தாழ 170 கிலோபைட் தரவைப் பதியும் தனிப்பெட்டியாகும். தனக்கென ஒரு 6502 நுண்செயலியும் 2 கிலோபைட் நினைவகமும் கொண்டிருந்ததால், அதை இன்னொரு சிறு கணினி என்றே சொல்லலாம். பழைய கணினிகளைப் பேணுவோர் கைகளில் இன்றும் இயங்கும் இந்த டிரைவ் வட்டைப் படிக்க மறுக்கும்போது, எதை முதலில் ஐயுறுவது என்ற வரிசையே பழுதுபார்ப்பின் பாதி வெற்றியைத் தீர்மானிக்கிறது.

மின்சாரம் கொடுத்தவுடன் சிவப்பு விளக்கு எரிந்து, மோட்டார் சிறிது நேரம் சுழன்று, இரண்டும் ஓய்ந்துவிட்டால் டிரைவின் தன்சோதனை முடிந்தது என்று கொள்ளலாம். விளக்கு அணையாமலோ மோட்டார் நிற்காமலோ இருந்தால் கோளாறு பெரும்பாலும் மின்சுற்றில், குறிப்பாகச் சில்லுகளில் இருக்கும். தன்சோதனையைத் தாண்டியும் வட்டைப் படிக்காத டிரைவில் அடுத்து ஐயுற வேண்டியது வட்டையே. பூஞ்சை படிந்த அல்லது காந்தப் பூச்சு உதிரும் வட்டு ஒன்றைச் செருகினால், படிக்கும் தலையில் அழுக்கு ஒட்டி, அடுத்துச் செருகும் நல்ல வட்டையும் அது கீறக்கூடும். ஆகவே மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு (மின்வழங்கி பெட்டிக்குள்ளேயே இருப்பதால் இதில் அலட்சியம் கூடாது), ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் தலையை மெல்லத் துடைக்க வேண்டும். பஞ்சில் ஏறும் பழுப்புக் கறை முந்தைய வட்டுகளின் உதிர்ந்த பூச்சு.

சுழல்வேகம் நிமிடத்துக்கு 300 சுற்றுகள் இருக்க வேண்டும். பெல்ட்டால் இயங்கும் தொடக்கக் கால டிரைவ்களின் அடிப்புறச் சக்கரத்தில் 50, 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கென இரண்டு கோட்டு வளையங்கள் அச்சிடப்பட்டுள்ளன. பழைய வகை டியூப்லைட் ஒளியில் அவற்றுள் உரிய வளையம் அசையாமல் நிற்பதுபோல் தோன்றினால் வேகம் சரி.

எனினும் 1541-க்கே உரிய நோய் தலையின் இடப்பிறழ்ச்சியாகும். தலை முதல் தடத்தை அடைந்துவிட்டதை அறிவிக்கும் உணரி இதில் இல்லாததால், வட்டை ஃபார்மேட் செய்யும்போதும் சில படிப்புப் பிழைகளின்போதும் தலை பின்னோக்கித் தள்ளப்பட்டு, தடுப்பின்மீது தடதடவென மோதி நிற்கிறது. நகலெடுப்பைத் தடுக்க வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்திய விளையாட்டு வட்டுகள் இந்த மோதலை மேலும் பெருக்கின. காலப்போக்கில், தலையை நகர்த்தும் மோட்டாரின் தண்டில் பொருத்திய கப்பி சற்றே வழுக்க, அரை மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்த தடங்களிலிருந்து தலை விலகிவிடுகிறது. இப்படிப் பிறழ்ந்த டிரைவ் தான் எழுதிய வட்டுகளைத் தடையின்றிப் படிக்கும். பிற டிரைவ்கள் எழுதியவற்றில் மட்டும் தடுமாறும். பிழையின் இந்த ஒருபக்கத் தன்மையே நோயை அடையாளம் காட்டும் உறுதியான குறி.

இங்கேதான் அவசரம் பெரும் இழப்பைத் தரும். பிறழ்ந்த நிலையில் பல ஆண்டுகள் எழுதப்பட்ட வட்டுகளுக்கு அந்தப் பிறழ்ந்த டிரைவே திறவுகோல் என்பதால், தலையைச் சரிசெய்வதற்கு முன்பே அவற்றிலுள்ள கடிதங்களையும் நிரல்களையும் அதே டிரைவில் படித்து வேறிடத்தில் சேமித்துவிட வேண்டும். பொருளைக் காப்பதைவிட அதிலுள்ள எழுத்தைக் காப்பது முதன்மையான கடமை என்பதில் ஐயமில்லை.

அதன்பின், பிழைகள் புகுத்தப்படாத, நன்னிலையிலுள்ள டிரைவில் எழுதிய வட்டொன்றை அளவுகோலாகக் கொண்டு, தலையை நகர்த்தும் மோட்டாரின் பிடிதிருகுகளைத் தளர்த்தி, மோட்டாரை இம்மியளவு திருப்பி, உள், வெளித் தடங்கள் இரண்டும் பிழையின்றிப் படிக்கப்படும் நிலையில் இறுக்க வேண்டும். கப்பி தண்டில் உறுதியாகப் பிடிக்காவிட்டால் இத்திருத்தம் நிலைக்காது. கப்பியைத் தண்டோடு பிணைத்த பிறகே மோட்டாரைத் திருப்புவதில் பயனுண்டு.