சிரட்டைக்கரியும் கருப்பட்டியும்

நெய்யாற்றங்கரையிலிருந்து பாறசாலை நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், நெய்யாற்றுப் பாலத்தை ஒட்டி அமைந்த ஊர் அமரவிளை. சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலையில் நடைமுறைக்கு வரும் வரை இங்கிருந்த வணிகவரிச் சோதனைச் சாவடியின் முன் லாரிகள் வரிசையாக நின்ற காட்சியை இவ்வழியே பயணம் செய்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றங்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அடுக்களைகள் அந்த எல்லையைப் பொருட்படுத்தவில்லை. மரச்சீனிக் கிழங்கும் பன்றிக்கறியும் களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் இன்றும் ஒரே கைப்பக்குவத்தில்தான் வேகின்றன.

எங்கள் வீட்டில் அந்தப் பக்குவத்துக்கு உரியவர் என் மாமியார். மண்சட்டியில் இறைச்சியும் மிளகும் தேங்காய்க் கொத்தும் சேர்ந்து, அதன் கொழுப்பிலேயே வறண்டு கறுக்கும் வரை அடுப்பை விட்டு அகல மாட்டார். எண்பதைக் கடந்தபின் பற்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. கட்டிய பற்களும் பொருந்தவில்லை. சில ஆண்டுகளாகக் கிறிஸ்துமஸ் நாளில் குழம்பை மட்டும் கிழங்கில் ஊற்றிப் பிசைந்து உண்டுவிட்டு, கறித்துண்டுகளை யாருக்கும் தெரியாமல் பேரனின் தட்டுக்கு மாற்றி வந்தார். அமெரிக்காவில் படிப்பை முடித்து விடுமுறைக்கு வந்த அந்தப் பேரன்தான், “பாட்டிக்குப் பல்லே தேவைப்படாத கறி ஒன்று இருக்கிறது” என்று தொடங்கிவைத்தான். பிய்த்தெடுத்த பன்றி இறைச்சியைப் புளிப்பும் இனிப்புமான சாந்தில் புரட்டிச் சிறு பன்னுக்குள் வைத்துத் தரும் பார்பிக்யூ ஸ்லைடர் அது.

முதல் முயற்சியில் நான் தோற்றேன். விலை கூடியதே சிறந்தது என்ற நம்பிக்கையில், கொழுப்பும் எலும்பும் நீக்கிய முதுகுத்தசையை வாங்கி வந்து மூன்று மணி நேரம் வேகவைத்தேன். வாயில் வைத்த மாமியார் சற்று நேரம் மென்று பார்த்துவிட்டு, “இது கறியா, தேங்காத் தும்பா மக்களே?” என்று பேரனைப் பார்த்துக் கேட்டார். அவர் என்னைக் கேட்கவில்லை என்பதே எனக்குப் போதுமான தீர்ப்பாக இருந்தது.

பிழை எங்கே என்று பின்னர் விளங்கியது. முதுகுத்தசைக்கு உழைப்புக் குறைவு. அதில் இணைப்புத்திசுவும் குறைவு. வெப்பம் ஏற ஏற அதன் நார்கள் சுருங்கி நீரை வெளியேற்றும். அந்த இழப்பை ஈடுசெய்ய அதனிடம் வேறொன்றும் இல்லை. முன்காலும் தோளும் சேரும் பகுதி அப்படியன்று. நாள் முழுதும் உடலைத் தாங்கி நடந்த அத்தசையினூடே கொலாஜன் என்னும் புரதம் வலைபோலப் பின்னிக் கிடக்கிறது. அவசரமாகச் சமைத்தால் அது ரப்பரைப் போல விறைக்கும். ஈரப்பதத்துடன் நெடுநேரம் சூடேற்றினால் சிறிது சிறிதாகக் கரைந்து ஜெலட்டினாக மாறி, நார்களுக்கிடையே வழுவழுப்பாகப் பரவும். கிருமிகளுக்கு அஞ்சுவோருக்கு இறைச்சியின் உட்புறம் 71 டிகிரி செல்சியஸைத் தொட்டால் போதும்; ஆனால் கையால் இழுத்தவுடன் பிரியும் பதம் வர 90 முதல் 95 டிகிரி வரை செல்ல வேண்டும். பாதுகாப்புக்கும் பதத்துக்கும் இடையிலுள்ள அந்த இருபது டிகிரியில்தான் சமையற்காரரின் பொறுமை செலவாகிறது.

அமெரிக்காவின் தென்பகுதியில் இதை விறகுக்கனலின் மேல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வாட்டுவார்கள். இறைச்சியின் வெப்பம் 65 டிகிரிக்கும் 75 டிகிரிக்கும் இடையே எங்கோ ஓரிடத்தில் மணிக்கணக்காக அசையாமல் நின்றுவிடும். மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் ஈரம், நம் உடலை வியர்வை குளிர்விப்பதுபோல் அதைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதே காரணம். நம் பிரஷர் குக்கரில் இந்தத் தடை இல்லை. ஆவி வெளியேற வழியில்லாமல் உள்வெப்பம் 120 டிகிரியை நெருங்குகிறது. பன்னிரண்டு மணி நேர வேலை ஒரு மணி நேரத்தில் முடிவது அதனால்தான். புகைமணம் மட்டும் கிடைக்காது. அதற்கு வழி பின்னர் சொல்கிறேன்.

பார்பிக்யூ என்ற சொல்லே கரீபியத் தீவுகளின் தைனோ மக்களிடமிருந்து வந்தது. இறைச்சியை வாட்டுவதற்கான மரச்சட்டத்தை அவர்கள் அவ்வாறு அழைத்ததாக அறிஞர் கூறுவர். வட கரோலினாவின் கிழக்குப் பகுதியினர் வினிகரும் மிளகாயும் மட்டும் போதும் என்பர். மேற்குப் பகுதியினர் தக்காளி சேர்ப்பர். தென் கரோலினாவில் கடுகு. நம் ஊரில் மீன்குழம்புக்கு எந்தப் புளி என்று நடக்கும் வழக்கைப் போன்றதே இதுவும், தீர்ப்பு வராது. ஸ்லைடருக்கு முன்னோடி, கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் 1921இல் தொடங்கிய ஒயிட் காசில் கடை ஐந்து சென்ட்டுக்கு விற்ற சிறு பர்கர். பன்றி இறைச்சியையும் புளிப்பையும் சேர்த்துண்பது நமக்கும் புதிதன்று. போர்த்துக்கீசியர் வைன் காடியிலும் பூண்டிலும் ஊறவைத்த இறைச்சியே கோவாவில் விந்தாலு ஆயிற்று. மிளகாயும் மரச்சீனியும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல்தாண்டி இங்கு வந்தவையே.

இனிச் செய்முறை. பதினாறு சிறு பன்களுக்கு ஒன்றரைக் கிலோ இறைச்சி வேண்டும். வெந்து நீர் வற்றியபின் எடை ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பதைக் கணக்கில் கொள்க. இப்பக்கத்துக் கடைகளில் எல்லாப் பகுதிகளையும் சிறு துண்டுகளாக வெட்டிக் கலந்து தருவதே வழக்கம். முன்தோள் பகுதியை வெட்டாமல், ஓரளவு கொழுப்புடன், ஒரே துண்டாக வேண்டும் என முதல்நாளே சொல்லிவைப்பது நல்லது. வீட்டில் அதை நான்கு பெருந்துண்டுகளாக்கி, ஒரு மேசைக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூள், ஒரு மேசைக்கரண்டி மிளகுத்தூள், வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைப் பூசி இரவு முழுதும் குளிர்பெட்டியில் வைக்கவும். இனிப்பை இப்போது சேர்க்கலாகாது. குக்கரின் அடியில் கரிந்து அனைத்தையும் கசப்பாக்கிவிடும்.

மறுநாள் குக்கரில் சிறிது எண்ணெய் விட்டு, துண்டுகளை எல்லாப் பக்கமும் நன்கு சிவக்க விடுங்கள். ஒரு குவளை நீர், மூன்று மேசைக்கரண்டி வினிகர், அரிந்த பெரிய வெங்காயம் ஒன்று சேர்த்து மூடவும். முதல் விசில் வந்ததும் தணலை முழுவதும் குறைத்து ஒரு மணி நேரம். விசிலைத் தூக்கி ஆவியைத் திறந்துவிடும் அவசரம் வேண்டாம், தானே அடங்கட்டும். மண்சட்டியில் செய்ய விரும்புவோர் மூடியின் விளிம்பை மாவால் அடைத்து, மெல்லிய தீயில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். முள்கரண்டியைச் செருகித் திருப்பினால் இறைச்சி எதிர்ப்பின்றிப் பிரிய வேண்டும். பிரியவில்லையெனில் வெந்தது மிகுதி என்று எண்ணாதீர்கள். இன்னும் வேகவில்லை என்பதே பொருள்.

இறைச்சி வேகும் வேளையில் சாந்து. 60 கிராம் கருப்பட்டியை அரைக்குவளை நீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்டவும். பனைமரத்தடியின் மண் கொஞ்சமேனும் அதில் இருக்கும். பழுத்த தக்காளி நான்கு, சிறிய வெங்காயம் பத்து, பூண்டு ஆறு பல், ஒரு துண்டு இஞ்சி ஆகியவற்றை வதக்கி அரைத்து, கருப்பட்டிக் கரைசல், நான்கு மேசைக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத்தேக்கரண்டி நொறுக்கிய கடுகு, தேவைக்கு உப்பு சேர்த்துக் கெட்டியாகும் வரை கொதிக்கவிடுங்கள். அமெரிக்கர் பழுப்புச் சர்க்கரையும் புகைவாசனைத் திரவமும் சேர்த்துப் பெறும் ஆழத்தில் பாதியைக் கருப்பட்டி தனியாகவே தந்துவிடுகிறது.

இறைச்சியைச் சூடு தணியுமுன் இரண்டு முள்கரண்டிகளால் நார்வாட்டில் பிய்த்துக்கொள்ளவும். குக்கரில் தேங்கிய சாற்றின் மேல்மிதக்கும் கொழுப்பை எடுத்து வைத்து, சாற்றைச் சுண்டவைத்துச் சாந்துடன் கலக்கவும். எடுத்த கொழுப்பில் ஒரு கரண்டியை இரும்புச் சட்டியில் காயவைத்து, பிய்த்த இறைச்சியைப் பரப்பி, ஓரங்கள் சற்றே மொறுமொறுத்ததும் சாந்தில் புரட்டினால் முக்கால் வேலை முடிந்தது. கடைசியாகப் புகை: இறைச்சியின் நடுவே சிறு எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, செந்தணலாகக் கனிந்த சிரட்டைக்கரித் துண்டு ஒன்றை அதில் இட்டு, மேலே கொழுப்பு இரண்டு சொட்டு விட்டு உடனே மூடுக. ஐந்து நிமிடம் போதும். கரியை வீட்டுக்கு வெளியிலேயே கனியவைத்து, சன்னல்களைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். மூடிய அறையில் கரித்தணல் உயிருக்கு ஆபத்து.

மெல்லியதாக அரிந்த முட்டைக்கோஸை உப்பிட்டு இருபது நிமிடம் கழித்துப் பிழிந்து, சிறிது வினிகரும் மிளகும் தூவி வைத்தால் துணைக்கறி தயார். பன் வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். இங்குள்ள பேக்கரிகளில் கிடைக்கும் பன் பெரும்பாலும் இனிப்பானது; சாந்திலும் இனிப்பு இருப்பதால் இரண்டும் சேர்ந்து திகட்டும். பாவ் வகை கிடைத்தால் நன்று. பாதியாகப் பிளந்து தோசைக்கல்லில் உட்புறத்தை வாட்டினால் சாறு ஊறிக் குழையாது.

பன்றி இறைச்சி உண்ணாத வாசகர்களுக்கு இச்செய்முறை அப்படியே இடிச்சக்கைக்கும் பொருந்தும். 2018இல் கேரளம் தன் மாநிலக் கனியாக அறிவித்த பலாவின் பிஞ்சுக்கு இருபது நிமிட வேக்காடு போதும்; பிய்த்தால் நாரும் தோற்றமும் வியக்கும் அளவுக்கு ஒத்திருக்கும். சுவைக்குப் பொறுப்பு சாந்தினுடையது.

பாதுகாப்பு குறித்து ஒரு சொல். அரைவேக்காட்டுப் பன்றி இறைச்சி வழியே நாடாப்புழு பரவும் என்பதால் பச்சை மசாலாவை நாவில் வைத்துப் பார்ப்பது கூடாது. வெந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். 2022 ஜூலையில் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் கண்டறியப்பட்டபோது பலர் இறைச்சியைத் தொடவே அஞ்சினர். அந்நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் பன்றிகளுக்கு அதற்குச் சிகிச்சை இல்லை. ஆகவே கழித்த துண்டுகளையும் கழுவிய நீரையும் வளர்ப்புப் பன்றிகளின் தீவனத்தில் சேராமல் பார்த்துக்கொள்வது, தொழுவத்தையே முதலாகப் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு நாம் செய்யும் உதவி. அத்தகைய வளர்ப்போருக்கும் 2018ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்ட அறிவிப்பின் பின் கிசான் கடன் அட்டை வசதி விரிவாக்கப்பட்டுள்ளது. இதையே வீட்டில் சமைத்து விற்க விழைவோர் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவை முதலில் பெற்றுவிட்டு, கடன் விவரங்களுக்குத் தம் கிளையை அணுகலாம்.

இரண்டாம் முறை முன்தோளை வாங்கிச் செய்தேன். விருந்தினர் பன்னிருவர். மாமியாரின் தட்டில் பேரன் ஒரு ஸ்லைடரை வைத்தான். அவர் மேல் பன்னை எடுத்து ஓரமாக வைத்தார். கீழ்ப் பன்னையும் அவ்வாறே. பிறகு அடுக்களையை நோக்கி, “கிழங்கு அவிச்சது இருக்கா பிள்ளே?” என்றார். 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரவச் செய்த அந்தக் கிழங்கு, எங்கள் வீட்டில் என்றும் இருக்கும். கிழங்கை மசித்து, பிய்த்த கறியை அதன்மேல் பரப்பி, ஒரு வார்த்தையும் பேசாமல் உண்டார். அன்று பேரனின் தட்டுக்கு ஒரு துண்டும் மாறவில்லை. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கியபின், சாந்தில் இன்னும் கொஞ்சம் மிளகு இருக்கலாம் என்று என்னிடமே நேராகச் சொன்னார்.