தள்ளாமல் இழுக்கும் அழுத்தம்

ஒரகடத்தில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்டம் பிறந்த புதிதில் அதில் விறைப்பான பாய்மம் நிரம்பியிருந்ததாக ஒரு வீடியோவில் பார்த்தேன். எங்கள் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் இருக்கிற ஆயில் மாதிரியா?"

பாதி தூரம் வரை அந்த ஆயிலையே பிடித்துக்கொண்டு போகலாம். எளிதில் அமுங்காது என்பதால்தான் ஒரு முனையில் கொடுத்த அழுத்தம் மறுமுனையில் தகட்டை வளைக்கிறது. அந்த அழுத்தம் போய்ச் சேரும் வேகம் ஆயிலில் ஒலி செல்லும் வேகம்தான்: நொடிக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர். எஃகில் 5,000 மீட்டருக்கு மேல். பொருள் விறைக்க விறைக்க ஒலியின் வேகம் ஏறும். அது ஒளியின் வேகத்தைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் விறைக்க இடமில்லை. அங்கே அழுத்தமும் ஆற்றல் அடர்த்தியும் சமம். அண்டவியலில் விறைப்பான பாய்மம் என்பது இதைத்தான்.

இந்தப் பாய்மத்தை 1960-களின் தொடக்கத்தில் முன்வைத்தவர் சோவியத் இயற்பியலாளர் செல்தோவிச். அதற்கு வெகு முன்பே, 1930-இல், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்துக் கப்பலேறிய சந்திரசேகர் இதன் மறுபக்கத்தைக் கணக்கிட்டிருந்தார். எலக்ட்ரான்கள் ஒளிவேகத்தை நெருங்கும்போது விண்மீனின் விறைப்பு தளர்கிறது. எரிந்து ஓய்ந்த விண்மீனான வெண்குறுமீன் தாங்கக்கூடிய நிறைக்கு ஓர் எல்லை வந்துவிடுகிறது. வரலாறு இவ்வளவு போதும்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறினால் பிஸ்டன் வெளியே நகரும். அப்படியானால் அழுத்தம் மிகுந்த அண்டம் இன்னும் வேகமாக விரியாதா? விரியாது. பிஸ்டனுக்கு வெளியே குறைந்த அழுத்தம் இருப்பதால் அது நகர்கிறது. அண்டத்துக்கு வெளிப்பக்கம் இல்லை. எங்கும் ஒரே அழுத்தம், எதையும் தள்ள வழியில்லை. ஆனால் ஐன்ஸ்டைன் கணக்கில் அழுத்தத்துக்கும் ஈர்ப்பு உண்டு, மூன்று திசைக்கும் சேர்த்து மூன்று பங்கு. கொல்கத்தாவின் அமல்குமார் ராய்சௌதுரி 1955-இல் தந்த சமன்பாட்டில் இது பளிச்சென்று தெரியும். விறைப்பான பாய்மத்தில் ஆற்றலின் ஒரு பங்கோடு அழுத்தத்தின் மூன்றும் சேர்ந்து நான்கு மடங்கு ஈர்ப்பு. முழுவதும் பிரேக்.

அது சீக்கிரம் தீர்ந்தும் போகும். அண்டத்தின் அகலம் இரண்டு மடங்கானால் சாதாரணப் பொருளின் அடர்த்தி 8-இல் ஒரு பங்காகும். ஒளியினுடையது 16-இல் ஒரு பங்கு. விறைப்பான பாய்மத்தினுடையது 64-இல் ஒரு பங்கு. அதனால் அது ஆட்சி செய்திருந்தால் முதன்முதலில்தான் செய்திருக்க முடியும்.

இருந்ததா? அந்த வீடியோ சொல்வதுபோல் உறுதி கிடையாது. முதல் சில நிமிடங்களில் ஹீலியம் உருவானது; அண்டம் அப்போது விரிந்த வேகத்துக்கு அதன் அளவே சாட்சி. சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் பிரேக்கை அழுத்தியபடியே ஒரகடம் வந்து சேரும் கன்டெய்னர் லாரி, கிளம்பியபோது மிக வேகமாக வந்திருக்க வேண்டும். அதுபோல, விறைப்பான பாய்மம் மிஞ்சியிருந்த அண்டமும் அப்போது வேகமாக விரிந்திருக்கும்; நியூட்ரான்கள் புரோட்டானாக மாறாமல் கூடுதலாகத் தப்பி, ஹீலியம் அதிகமாகியிருக்கும். நாம் காண்பதோ, அது இல்லாமலே கணக்குக்குப் பொருந்தும் கால் பங்கு ஹீலியம். ஆகவே முதல் நொடி வாக்கிலேயே அது பெரும்பாலும் அடங்கியிருக்க வேண்டும்.

அந்த முதல் நொடியைத் துழாவ இன்னொரு வழி ஈர்ப்பலைகள். 2023 ஜூனில், புனே அருகிலுள்ள ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கியின் தரவும் சேர, பல்சார் விண்மீன்களின் துடிப்பில் ஈர்ப்பலைகளின் முணுமுணுப்புக்குச் சான்று வெளியானது. உடனே அண்டத்தின் தொடக்க காலத்தை அதற்குக் காரணமாக்கும் விளக்கங்கள் குவிந்தன. ஒன்றையொன்று சுற்றும் பெருங்கருந்துளைகளே அதற்குப் போதும் என்று நினைக்கிறேன். விறைப்பான பாய்மம் உண்மையிலேயே ஆண்டிருந்தால், ஆதி ஈர்ப்பலைகள் அதிர்வெண் கூடக்கூட வலுவாக இருக்க வேண்டும். உயர் அதிர்வெண்ணில் லைகோ கருவிகள் அந்தப் பின்னணி இரைச்சலைத் தேடிவருகின்றன. இதுவரை கிடைத்தது, அது இந்த அளவைத் தாண்டவில்லை என்ற மேல்வரம்பு மட்டுமே.