கருவிழி வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்

அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய மாதமே, அவள் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. இரண்டு கண்ணிலும் மைனஸ் 7 பவர். துணைக்கு நான் போனேன். ஒரு தனியார் லேசர் மையம். அரை மணி நேரத்தில் பரிசோதனை முடிந்தது. "சனிக்கிழமையே பண்ணிடலாம் மேடம், இந்த மாசம் வரைக்கும்தான் சலுகை" என்றார் கவுன்சிலர். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு அவளை உட்கார வைத்திருந்தார்கள். அப்போதுதான் ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிய, "எங்க சித்தி கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாள்.

நான் போட விடவில்லை. சிகிச்சை என்ன, அதில் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதையெல்லாம் நோயாளிக்குப் போதுமான அளவு சொல்லிப் பெறுவதே ஒப்புதல் என்று சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. படிக்க முடியாத நேரத்தில் வாங்கும் கையெழுத்தில் இதில் எது இருக்கிறது? படிவத்தை வீட்டுக்கு வாங்கி வந்தோம். கூடவே, கருவிழியின் தடிமனையும் வளைவையும் காட்டும் வரைபடத்தின் நகலையும் கேட்டு வாங்கினோம். அவளைக் காப்பாற்றியது அந்தத் தாள்தான்.

இந்த லேசரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன் இதன் பின்னால் இருக்கிறார். நியூயார்க் மாநிலத்தில் ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர், 1981 நவம்பரில் விருந்தில் மிஞ்சிய வான்கோழிக் கறியை எடுத்துப்போய் 193 நானோமீட்டர் புற ஊதா லேசரை அதன் மேல் பாய்ச்சினார். பக்கத்துத் திசு கருகாமல், கீறிய இடம் மட்டும் சுத்தமாக நீங்கியிருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகக் கண் மருத்துவர் ஸ்டீபன் டிராக்கலுடன் சேர்ந்து அதைக் கருவிழியில் சோதித்த ஆய்வு 1983-ல் வெளிவந்தது. மைக்ரான் கணக்கில் செதுக்கும் கருவி அது. ஆனால் யார் கண்ணில் எவ்வளவு செதுக்கலாம் என்பதை அந்தக் கருவி சொல்லாது.

கருவிழியின் நடுப்பகுதி சராசரியாக அரை மில்லிமீட்டரைவிடச் சற்றுக் கூடுதல் தடிமன், சுமார் 540 மைக்ரான். லேசிக் என்ற இந்தச் சிகிச்சையில் முதலில் மேலே ஒரு மூடியை வெட்டித் திறப்பார்கள்; அது சுமார் 110 மைக்ரான். பிறகு ஒவ்வொரு பவருக்கும் 12 முதல் 15 மைக்ரான் வரை லேசர் செதுக்கும். மூடி திரும்ப ஒட்டினாலும் பழைய வலு வராது. அதனால் அடியில் குறைந்தது 250 மைக்ரான் மிஞ்ச வேண்டும் என்பது பழைய கணக்கு. 300 இல்லாமல் தொடாத மருத்துவர்கள் பலர். அக்கா மகளின் தாளில் 490 என்று இருந்தது. மூடிக்கு 110, ஏழு பவருக்கு 98 போனால் மிச்சம் 282.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் எண்ணைவிட நிறத்தைத்தான் கவனித்தார். பச்சையும் மஞ்சளுமான வட்டத்தின் கீழ்ப்பகுதியில், நகம் அளவுக்கு ஒரு சிவப்புத் திட்டு. "கண்ணைத் தேய்க்கிற பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டார். சின்ன வயதிலிருந்தே உண்டு. கருவிழி கூம்பாகப் பிதுங்கும் கெரட்டோகோனஸின் ஆரம்பமாக இருக்கலாம், லேசர் வேண்டாம் என்றார். இப்படிப்பட்ட கண்ணைச் செதுக்கினால், மாதங்களோ வருடங்களோ கழித்துக் கருவிழி மெல்ல முன்னால் தள்ளிக்கொள்ளும். புதிதாகச் சிலிண்டர் பவர் ஏறும், கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது. ரைபோஃப்ளேவின் சொட்டு விட்டு, புற ஊதா ஒளி காட்டி நிறுத்தலாம்; போன பார்வையை முழுதாக மீட்க முடியாது. அவள் கண்ணாடியோடுதான் மணமேடை ஏறினாள்.

கண் பொருத்தமாக இருந்தாலும் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு. அமெரிக்க எஃப்டிஏ மற்ற அரசு அமைப்புகளோடு சேர்ந்து, கடற்படையினரிடமும் பொதுமக்களிடமும் நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பார்வையில் திருப்தி என்றார்கள். அதே ஆய்வில், முன்பு எந்தத் தொல்லையும் இல்லாதவர்களில் சுமார் 45 சதவீதம் பேருக்கு மூன்றாம் மாதத்தில் விளக்கைச் சுற்றி வளையம், கூசல் போன்ற ஏதாவது ஒன்று புதிதாக வந்திருந்தது. கண் வறட்சி இல்லாதிருந்தவர்களில் 28 சதவீதம் பேருக்கு அதுவும் வந்திருந்தது. அன்றாட வேலையே முடங்கும் அளவுக்குச் சிரமப்பட்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. விளம்பரத்தில் முதல் எண்ணை மட்டும் போடுவது நியாயமில்லை. இரவில் வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு இரண்டாவது எண்தான் முக்கியம்.

ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்குத் தயாராகும் பிள்ளைகள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: லேசிக் செய்துகொண்டவர்களுக்கு அந்த வேலை கிடையாது. மருத்துவக் காப்பீடும் பொதுவாக 7.5 பவருக்குக் கீழே இருந்தால் பணம் தராது.

சிகிச்சைக்குப் பின் முதல் நாட்களில் வலியும் சிவப்பும் கூடினால் அன்றே போய்க் காட்டுங்கள். கிருமித் தொற்று காத்திருக்காது. சில மாதங்களில் பார்வை மங்கினால், புதுக் கண்ணாடியோடு திருப்பி அனுப்ப விடாமல், வரைபடம் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். மருத்துவப் பதிவுகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இரண்டு வருடத்துக்குள் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் வழி கேட்கலாம். பலன் சரியில்லை என்பது மட்டும் அங்கே செல்லாது. மெலிந்த கருவிழி, சிவப்புத் திட்டு என்று தாளிலேயே தெரிந்தும் செதுக்கினார்கள் என்றால்தான் கவனக்குறைவைக் காட்ட முடியும். அதற்கும் அந்தத் தாள் வேண்டும்.

எல்லாம் நல்லபடி முடிந்தவர்களும் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லேசர் செய்த கண்ணில் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். அதனால் கண் நீர் அழுத்த நோய் கண்டுபிடிக்கப்படாமல் தப்பிவிடக்கூடும். அறுபது வயதில் புரை வந்து லென்ஸ் வைக்கும்போது, வழக்கமான கணக்கு பிசகும். பழைய பவரும் பழைய கருவிழி வளைவு அளவுகளும் இருந்தால் மருத்துவர் அதைத் திருத்திக்கொள்வார். மருத்துவப் பதிவை மூன்று வருடம் வைத்திருப்பதுதான் விதி. முப்பது வருடம் கழித்துப் போனால் அது உங்கள் பீரோவில்தான் இருக்கும்.